டின்னுக்குள் இருந்த மாடு

பன்னிரண்டு வயதில் நான் ஒரு முழு மாட்டைத் தின்றேன். ஒரேயடியாக அல்ல. தினமும் மூன்று கரண்டி வீதம், தண்ணீரில் கரைத்து, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் தின்று முடித்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மாட்டுக்கறியைத் தொட்டதில்லை. அதோடு, அந்த மாட்டின் கடைசிப் பகுதியை அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு, எங்கள் தேயிலைத் தோட்டமே மரக்கறிச் சாப்பாட்டில் இருந்த நாட்களில் தின்றேன். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் குற்றத்தின் எடை விளங்கும்.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. போட்டிக் காலம் வந்தால் தாய்மார் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே என்னைப் பிடித்து நிறுத்தி, பிள்ளைக்குக் கோழி கொடுக்க வேண்டுமா, கடலை போதுமா என்று கேட்பார்கள். இரண்டில் எது கிடைத்தாலும் கொடுங்கள், வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள் என்பேன். அவர்களுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. கறியா கடலையா என்று தெளிவாகத் தீர்ப்புச் சொல்லும் டீச்சரைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்தத் தீர்ப்புச் சொல்ல என்னைப்போல் தகுதி உள்ளவர் இந்த மலையில் வேறு யாரும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே இருக்கிறது. அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்குக் கவ்வாத்து மலையில் வேலை. முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குறைப்பது கவ்வாத்து. சரிவில் காலை ஊன்றி நின்று செய்யும் வேலை அது. நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போய் ஓடி வருவேன். ஆசையால் அல்ல, எப்போதும் நேரம் பிந்திவிடும் என்பதால்தான். அதைப் பார்த்துத்தான் விளையாட்டுப் பாடம் எடுத்த சேர் என்னை ஆயிரத்து ஐந்நூறு மீற்றருக்கு, மைதானத்தை ஏறக்குறைய நாலு சுற்று ஓடும் போட்டிக்கு, போட்டார்.

முதல் வருடம் வலயப் போட்டியில் மூன்றாவது சுற்றில் நான் முன்னால் இருந்தேன். அப்புறம் மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. கண் விழித்தபோது யாரோ ஒரு சிங்கள அம்மா என் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சேர் குனிந்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சாயத்தண்ணி என்றேன். அதற்கு மேல் என்ன என்று கேட்டார். சீனி என்றேன். பொய் இல்லை. பாலில்லாத தேத்தண்ணியையும் உள்ளங்கையில் சீனியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டவள்தான் நான். அம்மா சுட்டு வைத்த ரொட்டி அடுப்படியிலேயே கிடந்தது. பதற்றத்தில் எனக்கு அது இறங்கவில்லை.

சேர் மறுநாள் எங்கள் லயத்துக்கே, தோட்டத்து வரிசை வீட்டுக்கே, வந்துவிட்டார். டவுன் பிள்ளைகள் முட்டையும் கோழியும் மீனும் தின்றுவிட்டு ஓடுகிறார்கள், ரொட்டியும் சம்பலும் மூன்றாவது சுற்றுவரைதான் இழுக்கும், பிள்ளைக்குப் புரதம் வேண்டும் என்று அப்பாவிடம் விளக்கினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சேர் போனதும் நேரே கோயிலுக்குப் போய், பிள்ளைக்கு மயக்கம் வராமல் இருக்க வேண்டும் என்று மூன்று வருடம் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு வந்தார். ஒரு மயக்கத்துக்கு இரண்டு வைத்தியம் ஆயிற்று. சேரின் வைத்தியத்துக்கு வழியைத் தேட வேண்டியிருந்தது. கோழி எப்போதாவது முட்டையிட்டால் எனக்கு அவித்துத் தந்தார்கள். அப்பாவின் வைத்தியத்துக்கு அவருடைய கால் போதும்.

மூன்றாவது வைத்தியத்தோடு வந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு ஜிம்மில் கூட்டித் துடைக்கிற வேலை. அங்கே மற்றவர்கள் தூக்கிய இரும்பை எடுத்து அடுக்கி வைப்பவர், ஊருக்கு வரும்போது மட்டும் எல்லாவற்றையும் தானே தூக்கியவர்போல் இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு நடப்பார். ஆள் தேயிலை மாறு மாதிரி மெலிந்துதான் இருப்பார். நான் விழுந்த மறுவருடம், போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது லீவில் வந்தவர், போவதற்கு முதல்நாள் ஒரு பெரிய கறுப்பு டின்னை என் கையில் தந்தார். அதன்மேல் கொம்போடு ஒரு மாட்டுத் தலை. பக்கத்தில் கழுத்தே இல்லாத ஒரு வெள்ளைக்காரன் கையை மடக்கிக் காட்டிக்கொண்டு நின்றான்.

இது என்ன என்று கேட்டேன். மாமா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“மாடு. முழு மாட்ட காய வச்சு அரைச்சு டின்னுல போட்டிருக்கான் வெள்ளக்காரன். தெனம் மூணு கரண்டி தின்னீன்னா நாலு சுத்து என்னா, நாப்பது சுத்து ஓடலாம். அப்பாகிட்ட சொல்லிராத, தூக்கி ஆத்துல போட்டுருவாரு.”

சொல்லிவிட்டு அம்மாவிடம் போய் ஏதோ பேசிச் சிரித்தார். அம்மா டின்னை வாங்கிச் சுவர்த் தட்டில் வைத்து, இது சத்து மா, காலையில் கரைத்துக் குடித்துவிட்டுப் போ என்றாள். எனக்கு அம்மாமீது இரக்கமாக இருந்தது. சொந்த அக்காவையே மாமா இப்படி ஏமாற்றுகிறாரே என்று நினைத்தேன். ஆனால் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. நாற்பது சுற்று எனக்கு வேண்டாம். நாலாவது சுற்று ஒன்று மட்டும் வேண்டும்.

முதல் கரண்டியைக் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்கினேன். வறுத்த கடலை வாசம் அடித்தது. கொஞ்சம் எள்ளு மாதிரியும் இருந்தது. வெளிநாட்டு மாடு கடலையும் எள்ளும் தின்னும்போல, அதுதான் கறியிலும் வாசம் நிற்கிறது என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இரண்டாவது வாரம் விருப்பமாகவே குடித்தேன். காலையில் தோட்டத்து ரோட்டில் கோயில் திருப்பத்திலிருந்து மேல்மலை வரை ஓடினால் முன்பெல்லாம் பாதியில் கண் இருட்டும். இப்போது இருட்டவில்லை. மாடு வேலை செய்கிறது என்று எனக்கு உறுதியாயிற்று.

இப்படியிருக்க, திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் பத்து நாள் தோட்டத்தில் எந்த வீட்டிலும் கறி, மீன் என்று மச்சம் எதுவும் கிடையாது. கறி மீன் சமைக்கிற சட்டிகளை அம்மா தேய்த்துக் கழுவி, உரச் சாக்கில் கட்டிக் கோழிக் கூட்டுக்கு மேலே போட்டாள். கையில் காப்புக் கட்டியவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது, கோயிலில்தான் தங்கவேண்டும், ஒரு வேளைதான் சாப்பிடவேண்டும். பத்தாம் நாள் தீ மிதிப்பு. அப்பா முதல்முறையாக மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்து நின்றபோது அவர் மணிக்கட்டு யாரோ வேறொருவருடையதுபோல் இருந்தது.

அந்தக் கயிற்றைப் பார்த்ததும் என் கண் தட்டிலிருந்த டின்னுக்குப் போனது. அதற்குக் காரணம் இருந்தது. முந்திய வருடம் கீழ் லயத்தில் ஒருவருக்குத் தீயில் கால் வெந்துவிட்டது. தோட்டமே கூடி, யார் விரதத்தைக் கெடுத்தது என்று விசாரணை நடத்தியது. கருவாட்டு வாசம் எந்த வீட்டில் அடித்தது என்று தொடங்கி, கடைசியில் அவருடைய மகன் ஹட்டன் டவுனில் மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்று தின்றதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பணிஸ்தான். அதற்கு அந்த மனிதர் ஒரு மாதம் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. அந்தப் பையன் லயத்துப் பக்கம் தலைகாட்ட இன்னும் அதிக நாளாயிற்று. பணிஸுக்குள் இருந்த மீனுக்கே அப்படியென்றால், ஒரு முழு மாட்டுக்கு என்ன ஆகும்?

அம்மா சட்டியையெல்லாம் ஒதுக்கியவள் டின்னை மட்டும் தட்டிலேயே விட்டுவைத்தாள். சாமி படத்துக்கு நேர் கீழே கொம்பை நீட்டிக்கொண்டு நின்றது மாடு. நான் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் விழுகிற பீலிக்கு மேலே ஒரு தேயிலைச் செடியின் தூரில் ஒளித்துவைத்தேன். டின் முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறிவதற்குத்தான் எடுத்துப் போனேன் என்றுகூட எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் போட்டி திருவிழாவின் ஐந்தாம் நாள். மாட்டை விட்டால் மூன்றாவது சுற்றில் விழுவேன். மாட்டைத் தின்றால் அப்பாவின் கால் வேகும். கால் வெந்தால் சரிவில் எப்படி நிற்பார்?

கடைசியில் பன்னிரண்டு வயதின் புத்திக்கு எட்டிய ஒரு சமாதானத்துக்கு வந்தேன். போட்டிவரை தின்பது, போட்டி முடிந்த நிமிடமே விட்டுவிடுவது. மிச்சம் ஐந்து நாளில் அம்மன் அதை மறந்துவிடுவாள். அவளுக்கு இந்த மலையில் எத்தனை தோட்டம் இருக்கிறது. இதற்குப் பரிகாரமாக, தினமும் விடியலில் டின்னின் மூடியில் மூன்று கரண்டி மாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு, அங்கேயே பீலியில் தலைமுழுகினேன். எங்கள் மலைத் தண்ணீரில் அந்த நேரத்தில் தலைமுழுகியவர்களுக்குத்தான் அந்தப் பரிகாரத்தின் மதிப்புத் தெரியும். நான் தும்மிக்கொண்டே வீட்டுக்கு வருவதைப் பார்த்த அம்மா, திருவிழா வந்ததும் பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று பக்கத்துக் காம்பரா வீட்டாரிடம் பெருமையாகச் சொன்னாள்.

போட்டி நோர்வூட் மைதானத்தில். அப்பா எல்லை தாண்டக்கூடாது என்பதால் வரவில்லை. அன்று காலையில் மூன்றல்ல, ஐந்து கரண்டி குடித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவின் ரொட்டியையும் தின்றேன். முதல் இரண்டு சுற்றும் நாலாவதாக வந்தேன். மூன்றாவது சுற்றில், போன வருடம் விழுந்த இடம் வந்தபோது புல்லைப் பார்க்காமல் முன்னால் ஓடியவளின் முதுகு இலக்கத்தையே பார்த்தேன். மைதானம் சரியவில்லை. எங்கள் சேர் கத்தியது கேட்டது. அவர் பக்கத்தில் நின்ற யாரோ என்னை இன்னாரென்று தெரியாமலேயே “துவன்ன, துவன்ன” என்று சிங்களத்தில் ஓடச் சொல்லிக் கத்தியதும் கேட்டது. கடைசித் திருப்பத்தில் இரண்டு பேரைத் தாண்டினேன். இரண்டாம் இடம். முதல் இரண்டு பேருக்கு மாகாணப் போட்டி. சேர் என்னைத் தூக்கிச் சுற்றியபோது எனக்குக் கடலை வாசத்தோடு ஓர் ஏப்பம் வந்தது. மாட்டுக்கு மனதார நன்றி சொன்னேன்.

அந்த நன்றி வீட்டுக்கு வரும் வழியிலேயே பயமாக மாறிவிட்டது. சொன்னபடி அன்றோடு நிறுத்திவிட்டேன், டின்னிலும் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் தின்ற மாட்டை என்ன செய்வது? அடுத்த ஐந்து நாளும் கோயிலுக்குப் போய் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலை வேர் கிழித்த தழும்பும் வெடிப்புமாக, அகலமான கால். அதில் தீ எந்த இடத்தில் முதலில் படும் என்று யோசிப்பேன். கோயிலில் தங்கியிருந்த அப்பா என்னைக் கண்டால் நெற்றியில் திருநீறு பூசி, போட்டியில் ஜெயித்த பிள்ளை என்று மற்றவர்களுக்குக் காட்டுவார்.

பத்தாம் நாள் பின்னேரம். ஆற்றில் குளித்துவிட்டு, மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாகத் தீ மிதிப்பவர்கள் வரிசையாக நின்றார்கள். அப்பா மூன்றாவது ஆள். குழியில் தணலை நிரவிக்கொண்டிருந்தார்கள். அதன் வெக்கை நான் நின்ற இடம்வரை வந்தது. அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

“அப்பா, நீங்க எறங்காதீங்க. நான் காப்பு கட்டுன பொறகும் மாட்டுக்கறி தின்னுட்டேன். மாமா குடுத்த டின்னுல இருந்தது மாவு இல்லப்பா. மாடு. போட்டிக்காக தெனமும் தின்னேன்.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்து நான் கண்ணை மூடினேன். அவர் குனிந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஓடுறப்ப மயக்கம் வந்துச்சா?”

“இல்லப்பா.”

“அப்ப சரி. போயி அம்மாகிட்ட நில்லு. இத யாருகிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டயும் சொல்லாத.”

நான் திரும்பி வந்து பார்த்தபோது அவர் மூன்றாவது இடத்தில் இல்லை. பின்னால் நின்றவர்களையெல்லாம் முன்னே விட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போயிருந்தார். அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது, அதுதான் பின்னுக்குப் போகிறார் என்று நினைத்தேன். ஒவ்வொருவராக இறங்கி ஓடிக் கடந்தார்கள். கடைசியாக அப்பா இறங்கினார். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வெளியே எடுத்தபோது அவர் மறுபக்கத்தில் பால் ஊற்றிய குழியில் நின்றுகொண்டிருந்தார். காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. கூட்டத்துக்குள் என்னைக் கண்ணால் தேடிப் பிடித்து, ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் அம்மன் மன்னித்துவிடுவாள், அல்லது வெளிநாட்டு மாடு கணக்கில் சேராது, இரண்டில் ஒன்று என்று முடிவு செய்தேன். என் பாரத்தை அப்பாவிடம் இறக்கிவைத்துவிட்டு நான் ஐஸ்பழம் வாங்க ஓடினேன்.

மாகாணப் போட்டியில் நாலாவதாக வந்தேன். அடுத்த வருடமும் மாமா அதே மாதிரி ஒரு டின்னோடு வந்தார். அந்த வருடம் காப்புக் கட்டுகிற அன்று, அம்மா சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா தட்டிலிருந்து டின்னை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். ஆற்றில் போடத்தான் போகிறார் என்று நான் பின்னாலேயே போனேன். பீலிக்கு மேலே, மழை படாத இடமாகப் பார்த்து, ஒரு தேயிலைத் தூரில் அதை வைத்தார். என்னைக் கண்டதும், மூடியை இறுக்கி மூடு, எறும்பு ஏறும் என்று மட்டும் சொன்னார். பிறகு கோயிலுக்குப் போய்க் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டார். மறு வருடமும் டின் வந்தது. அந்த இரண்டு வருடமும் அவர் வரிசையில் கடைசியாகவே நின்று தீ மிதித்தார். அப்பாவுக்குக் கடைசி இடம்தான் பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பதக்கத்தைத் தவிர வேறு எதுவும் பெரிதாகக் கண்ணில் படவில்லை.

எனக்கு ஆசிரியை நியமனம் கிடைத்த நாளில் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். மாமா தொப்பையோடு வந்திருந்தார். அவர்தான் பேச்சை எடுத்தார். ஜிம்மில் யாரோ வீசிய வெறும் டின்னைக் கழுவி எடுத்து வந்ததையும், கடலை, பயறு, சோயா, குரக்கன், எள்ளு எல்லாம் போட்டு மில்லில் அரைத்து அதில் நிரப்பியதையும், சும்மா மா என்றால் பிள்ளை குடிக்காது என்று மாட்டுக் கதை கட்டியதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் எல்லாவற்றையும் வறுத்துக் கொடுத்தது தான்தான் என்று அம்மா சேர்ந்துகொண்டாள். காசு கொடுத்து வாங்கிய எந்த டின்னும் அந்த வயதில் எனக்கு அதைவிட நன்மை செய்திருக்காது என்று, படித்தவளாக நானும் என் பங்குக்குச் சொன்னேன். வீடே சிரித்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார்.

“அப்ப அது மாடு இல்லையா மச்சான்?”

எல்லோரும் முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். மகள் மாடு தின்கிறாள் என்று தெரிந்துகொண்டே, அதற்குத் தன் கால் வெந்துபோகும் என்று நம்பிக்கொண்டே, அந்தத் தீட்டு மற்றவர்கள் காலில் படாதபடி எல்லோருக்கும் கடைசியில் நின்று, அப்பா மூன்று வருடமும் தீயில் இறங்கியிருக்கிறார்.